விளக்கமறியல் நாட்கள் தண்டனையில் கழியுமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பிக்குக் காசோலை மோசடி வழக்கொன்றில் 60 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டுள்ளது. முதலில் மாநிலப் பொலிசார் அவரைக் கைது செய்து 5 மாதம் சிறையில் வைத்திருந்தனர். அந்த வழக்கு கைவிடப்பட்டதும், அதே விடயத்துக்காகச் சமஷ்டி அதிகாரிகள் பொறுப்பேற்று 9 மாதம் தடுத்து வைத்தனர். பின்னர் பிணை கிடைத்து, 3 மாதம் ஒரு கண்காணிப்பு விடுதியில் தங்கினார். இப்போது சிறை நிருவாகம் 9 மாதத்தை மட்டுமே கழித்திருக்கிறது. நீதிபதிக்கு எழுதியபோது, அது தம் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று பதில் வந்தது. மொத்தம் 17 மாதமும் கழிபடாதா?
— வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சகோதரி, நீதிபதி தட்டிக்கழித்ததாக எண்ண வேண்டாம். அமெரிக்கச் சமஷ்டி வழக்குகளில் (நம் அரசியல் மேடைகளில் அடிபட்ட அதே சொல்தான், அங்கே அது மத்திய அரசின் நீதிமன்றங்களையும் சிறைகளையும் குறிக்கும்) தண்டனைக்கு முந்திய தடுப்புக் காலத்தைக் கணக்கிடும் பொறுப்பு சிறைச்சாலைத் திணைக்களத்துக்கே உரியது என்று 1992இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வில்சன் வழக்கில் தீர்த்துவிட்டது. ஆகவே தம்பியின் கோரிக்கை தவறான வாசலில் தட்டியிருக்கிறது.

கண்காணிப்பு விடுதியில் கழிந்த 3 மாதத்தை மறந்துவிடுங்கள். பிணையில் விடுவிக்கப்பட்டவர், நிபந்தனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும், உத்தியோகபூர்வத் தடுப்பில் இருந்தவராகக் கருதப்பட மாட்டார் என்பது 1995இல் கோரே வழக்கில் முடிவான விடயம்.

வாதாட வேண்டியது அந்த முதல் 5 மாதத்துக்காகத்தான். அந்நாட்டுச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 3585ஆம் பிரிவின்படி, தண்டனைக்குரிய குற்றத்தின் காரணமாகவோ, அக்குற்றத்துக்குப் பின் கைதான வேறொரு குற்றச்சாட்டின் காரணமாகவோ தடுப்பில் இருந்த நாட்கள், வேறெந்தத் தண்டனையிலும் கழிக்கப்படாதிருந்தால், இந்தத் தண்டனையில் கழிபட வேண்டும். ஒரே நாள் இரு தண்டனைகளில் கழியக் கூடாது என்பதே அதன் உள்நோக்கம். மாநில வழக்கு தண்டனையின்றி முடிந்ததற்கான சான்று கோப்பில் இல்லாவிட்டால், அந்த நாட்கள் வேறெங்கோ கழிக்கப்பட்டிருக்கும் என்று நிருவாகம் கருதியிருக்கக்கூடும். எனவே வழக்கு கைவிடப்பட்டதைக் காட்டும் நீதிமன்றக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியும், கைதான நாளையும் கைமாற்றப்பட்ட நாளையும் காட்டும் சிறைப் பதிவும் தேவை. பக்கம் பக்கமான மன்றாட்டுக் கடிதங்களைவிட இவ்விரு தாள்களுக்கே அங்கே மதிப்பு அதிகம்.

தம்பி முதலில் சிறை அலுவலரிடம் முறைசாரா வகையில் முறையிட வேண்டும். அது உட்பட 20 நாட்களுக்குள் சிறை அத்தியட்சகருக்குப் படிவம் கொடுக்க வேண்டும். பதில் பாதகமானால் அடுத்த 20 நாட்களுக்குள் பிராந்தியப் பணிப்பாளருக்கும், அதன்பின் 30 நாட்களுக்குள் திணைக்களத்தின் தலைமைச் சட்ட அலுவலகத்துக்கும் மேன்முறையீடு செய்யலாம். நீதிபதியின் பதிலுக்குக் காத்திருந்ததில் முதற்கெடு தவறியிருந்தால், தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் காலநீடிப்புக் கேட்க வேண்டும். மூன்று படியிலும் தோற்றால் மட்டுமே, அவர் அடைக்கப்பட்டுள்ள மாவட்டத்தின் சமஷ்டி நீதிமன்றத்தில் ஆட்கொணர் மனுத் தாக்கல் செய்யலாம். அதற்கான கட்டணம் வெறும் 5 டொலர்.

நன்னடத்தைக்காகக் கிடைக்கும் குறைப்பை இதனுடன் குழப்ப வேண்டாம். விதிக்கப்பட்ட தண்டனையின் ஒவ்வொரு ஆண்டுக்கும் 54 நாள் வரை, அதாவது உங்கள் தம்பிக்கு 270 நாள் வரை, தனியாகக் குறையலாம்.

படிவங்களைத் தம்பியே ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். எழுத மற்றவர் உதவலாம், ஆனால் அவருக்காக நீங்கள் சமர்ப்பிக்க முடியாது. களுவாஞ்சிகுடியில் இருந்தபடி உங்களால் முடிவது, மாநில நீதிமன்ற எழுதுவினைஞருக்கு வழக்கிலக்கத்துடன் எழுதி அந்தக் கட்டளையின் பிரதியைக் கேட்பதும், தம்பியின் எட்டு இலக்கப் பதிவெண்ணைக் கொண்டு சிறைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விடுதலைத் திகதி மாறியுள்ளதா என்று அவ்வப்போது பார்ப்பதும்தான்.