மணல் கொல்லையில் ஈரம் தங்க வேண்டுமா?

கேள்வி: திருச்செந்தூர் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லை முழுவதும் தேரி மணல், அதாவது காற்று குவித்த செம்மணல். காலையில் ஊற்றும் தண்ணீர் மதியத்துக்குள் வற்றிவிடுவதால், கத்தரியும் வெண்டையும் வாடுகின்றன. வழி உண்டா?

பதில்: உண்டு. மணல் துகள்களுக்கு இடையே உள்ள துளைகள் பெரியவை என்பதால், ஊற்றிய நீர் இட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே ஒரே வேளையில் குடம் குடமாக ஊற்றாமல், அதே நீரை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் பிரித்து ஊற்றுங்கள்.

கோடைக்கு நான் பெரிதும் நம்புவது பானைப் பாசனத்தைத்தான். பூச்சு இல்லாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, தட்டால் மூடி, சுற்றிலும் நான்கு செடிகளை நடுங்கள். சில வாரங்களுக்குப் பின் தோண்டிப் பார்த்தால், கசியும் ஈரத்தைத் தேடி வந்த வேர்கள் பானையின் மேல் வலைபோல் ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள்.

மண்ணைத் திருத்தக் குளத்தின் அடியில் படிந்த வண்டலான கரம்பையும் மக்கிய தொழுவுரமும் கலந்து கொத்திவிடுங்கள். தென்னை நார்க் கழிவை மக்க வைத்த பின்னரே இட வேண்டும். பச்சையாக இட்டால், அது மக்கும்போது செடிக்குரிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பசுந்தாள் உரப் பயிரான சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில், ஏறத்தாழ 45 நாளில், மண்ணுக்குள் மடக்கிவிடுங்கள். மண்ணில் சேர்ந்த மக்கிய பொருள் வெப்பத்தில் விரைவில் சிதைந்துவிடும் என்பதால், ஆண்டுதோறும் இதைத் தொடர வேண்டியிருக்கும். மண் திருந்தும் வரை தென்னை ஓலையால் செடியடியை மூடி வையுங்கள்.