கேள்வி பதில்: இத்தாலி மியூசியத்துல சிலையைப் பத்தி எப்படி விசாரிக்கிறது?

கேள்வி: குடும்பத்தோட ஃப்ளோரன்ஸ், ரோம் போறோம். எனக்கு சிற்பம்னா உசுரு. அங்க மியூசியத்துல இருக்கறவங்ககிட்ட இத்தாலியன்ல ரெண்டு வார்த்தை கேக்கணும்னு ஆசை, எதெல்லாம் கத்துக்கிட்டா போதும்?
- வாசகி, மதுரை

பதில்: நீள நீளமா மனப்பாடம் பண்ணாதீங்க, நீங்க சரளமா கேட்டா அவங்களும் சரளமா பொரிஞ்சு தள்ளுவாங்க, அப்புறம் முழிக்கணும். ஒத்தை வார்த்தைல பதில் வர்ற மாதிரி கேளுங்க.

முதல்ல 'ஸ்கூஸி', மன்னிக்கணும்னு அர்த்தம், இது இல்லாம பேச்சை ஆரம்பிக்காதீங்க. அடுத்து 'எ லொரிஜினாலே?', இது ஒரிஜினலா? ஃப்ளோரன்ஸ்ல பியாட்ஸா தெல்லா சின்யோரியாங்கற சதுக்கத்துல நிக்கிற தாவீது சிலை 1910-ல வச்ச காப்பி, மைக்கலாஞ்சலோ 1501-ல இருந்து 1504 வரைக்கும் செதுக்கினது 1873-லயே அக்காதேமியா மியூசியத்துக்குள்ள போயிடுச்சு. பதில் 'ஸீ'ன்னா ஆமா, 'கோப்பியா'ன்னா காப்பி. ஆனா ரோம்ல 'கோப்பியா ரொமானா', அதாவது ரோமானிய காப்பின்னு சொன்னா உடனே நகர்ந்துடாதீங்க, பலாட்ஸோ மாஸ்ஸிமோ மியூசியத்துல இருக்கற வட்டு எறியுற வீரன் கூட அந்த ரகம்தான், மைரோன் செஞ்ச கிரேக்க வெண்கல ஒரிஜினல் இன்னைக்கு எங்கயுமே இல்ல, அந்த காலத்து ரோமானியர் பளிங்குல செஞ்சு வச்சதாலதான் நாம பாக்கறோம்.

'தி கே ஸேகொலோ எ?', எந்த நூற்றாண்டு? இங்கதான் நம்மாளுங்க குழம்புவாங்க. 'குவாத்ரோச்செந்தோ'ன்னா 1400-கள், அதாவது 15-ம் நூற்றாண்டு, 'சிங்க்வெச்செந்தோ' 1500-கள், 'ஸெய்ச்செந்தோ' 1600-கள், சிற்பி பெர்னினி காலம். பழைய சிலைன்னா 'அவாந்தி கிறிஸ்தோ' கி.மு., 'தோப்போ கிறிஸ்தோ' கி.பி.

எதுல செஞ்சதுன்னு கேக்க 'தி கே கோஸே ஃபாத்தா?'. மார்மோ பளிங்கு, ப்ரோன்ட்ஸோ வெண்கலம், ஜெஸ்ஸோ சுண்ணாம்பு மாதிரி இருக்கற பிளாஸ்டர்.

எங்க இருக்குன்னு கேக்கறப்ப 'தொவே' கூட சிற்பி பேரையும் சேர்த்துடுங்க. ஃப்ளோரன்ஸ் பார்ஜெல்லோ மியூசியத்துல போய் வெறுமனே 'தொவே இல் தாவித்?'னு கேட்டா 'குவாலே?', எதுன்னு திருப்பி கேப்பாங்க, ஏன்னா தொனாத்தெல்லோவோட பளிங்கு ஒண்ணு, வெண்கலம் ஒண்ணு, வெர்ரோக்கியோவோட வெண்கலம் ஒண்ணுன்னு அங்க மூணு தாவீது!

கேள்வி: பாக்கணும்னு போன சிலை இடத்துல இல்லன்னா என்ன கேக்கறது?
- வாசகர், சேலம்

பதில்: 'தொவே?'ன்னு காலி பீடத்தை காட்டினாலே புரிஞ்சுப்பாங்க. 'இன் ரெஸ்தாவ்ரோ'ன்னா சீரமைப்பு வேலை நடக்குது, 'இன் ப்ரெஸ்தீதோ'ன்னா வேற மியூசியத்துக்கு இரவல் போயிருக்கு. எப்ப திரும்பி வரும்னு 'குவாந்தோ தோர்னா?'னு கேட்டுப் பாருங்க, பதிலுக்கு தோளைக் குலுக்கினா வற்புறுத்தாதீங்க. இன்னொண்ணு, அக்காதேமியாவுக்கும் ரோம்ல இருக்கற போர்கேஸே கேலரிக்கும் திங்கக்கிழமை லீவு, போர்கேஸேக்கு முன்கூட்டியே புக் பண்ணியே ஆகணும், உள்ள ரெண்டு மணி நேரம்தான் விடுவாங்க, அதனால நேரா பெர்னினி சிலைங்க கிட்ட போயிடுங்க.