சாமுவேல் சேஸின் விடுதலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உச்ச நீதிமன்றம் பற்றிய உங்கள் கட்டுரையில் நீதிபதி சாமுவேல் சேஸின் பெயர் ஒற்றை வரியில் வந்துபோனது. அந்த நீதிமன்றத்தில் பதவிநீக்க விசாரணைக்கு உள்ளானவர் அவர் ஒருவரே என்றும், செனட் அவரை விடுவித்தது என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அவர்மீது சொன்னதெல்லாம் பொய்யா, அல்லது கட்சிச் செல்வாக்கால் தப்பினாரா?

கே.

அன்புள்ள கே,

இரண்டுமில்லை. சொல்லப்பட்டவற்றில் கணிசமான பகுதி உண்மை. அவரைக் காப்பாற்றியதோ அவருக்கு எதிரான கட்சியினர் சிலரின் வாக்குகள்.

சேஸ் 1741இல் மேரிலாந்தில் ஆங்கிலிகன் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளம் வழக்கறிஞராக, பிரிட்டன் விதித்த 1765இன் முத்திரைத்தாள் வரியை எதிர்த்து அன்னபொலிஸ் தெருக்களில் கூட்டம் திரட்டியபோது, கும்பல்களின் தலைவன் என்று நகரத்துப் பெரிய மனிதர்களின் வசையை வாங்கினார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் என்றாலும், காங்கிரஸ் உறுப்பினராக அறிந்த தகவலைக் கொண்டு மாவு வணிகத்தில் லாபம் தேடினார் என்று 1778இல் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் அவரைக் குற்றம் சாட்டினார். 1788இல் அரசியல் சாசனத்துக்கு எதிராக வாக்களித்த இவரை 1796இல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தில் அமர்த்தியபோது, சேஸ், வலுவான மத்திய அரசை விரும்பிய ஃபெடரலிஸ்ட் கட்சியின் தீவிர ஆதரவாளராக மாறியிருந்தார். முன்தேதியிட்டுப் பாயும் சட்டங்கள் பற்றிய 1798இன் கால்டர் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆகவே சட்ட அறிவில் குறை சொல்ல முடியாது. குறை வேறிடத்தில் இருந்தது.

அந்நாட்களில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஊர் ஊராகச் சென்றும் வழக்கு விசாரித்தார்கள். 1800இல் ஃபிலடெல்ஃபியாவில், வீட்டு வரியை எதிர்த்துக் கிளம்பிய ஜான் ஃப்ரைஸ்மீதான தேசத்துரோக வழக்கு சேஸ்முன் வந்தது. தேசத்துரோகம் என்றால் என்ன என்பதில் தம் முடிவை அவர் முன்கூட்டியே தாளில் எழுதி, வாதம் தொடங்குமுன்பே வழக்கறிஞர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஃப்ரைஸின் வழக்கே அந்தக் கேள்வியில்தான் நின்றது. இனி நாங்கள் பேச என்ன இருக்கிறது என்று அவருடைய வழக்கறிஞர்கள் விலகிக்கொண்டார்கள். துணையின்றி நின்ற ஃப்ரைஸுக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது. குடியரசுத் தலைவர் ஆடம்ஸ் மன்னித்ததால் உயிர் பிழைத்தார். என்னைக் கேட்டால், சேஸ்மீதான குற்றச்சாட்டுகளில் மிகக் கனமானது அந்தத் தாள்தான்.

ஆனால் ஆடம்ஸுக்குப் பின் குடியரசுத் தலைவரான, ஃபெடரலிஸ்டுகளின் எதிரணியைச் சேர்ந்த ஜெஃபர்சனைச் சினமூட்டியது வேறு. 1803 மே மாதம் பால்டிமோரில் கிராண்ட் ஜூரிக்கு (வழக்குத் தொடர ஆதாரம் உண்டா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழுவுக்கு) அறிவுரை சொல்லும் சாக்கில், வாக்குரிமையை விரிவாக்கினால் குடியரசு கும்பலாட்சியாகிவிடும் என்று சேஸ் ஆளுங்கட்சியைச் சாடினார். (அன்னபொலிஸ் தெருக்களை அவர் மறந்திருக்க வேண்டும்.) மறு ஆண்டு பிரதிநிதிகள் சபை 73க்கு 32 என்ற வாக்கில் அவர்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தது.

1805இல் செனட்டில் நடந்த விசாரணைக்குத் தலைமை வகித்தவர், ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றதற்காக நியூ ஜெர்சியில் கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்த துணைக் குடியரசுத் தலைவர் ஆரன் பர். வழக்கமாகக் கொலைகாரன் நீதிபதிமுன் நிற்பான், இங்கே நீதிபதி கொலைகாரன்முன் நிற்கிறார் என்று அக்காலத்தில் கேலி பேசினார்கள்.

உங்கள் கட்சிச் செல்வாக்குக் கேள்விக்கு இந்தக் கணக்கே பதில். செனட்டர்கள் 34 பேர். பதவிநீக்க 23 வாக்குகள் வேண்டும். ஜெஃபர்சன் கட்சியினர் மட்டுமே 25 பேர். ஆயினும் எட்டுக் குற்றச்சாட்டுகளில் அதிகபட்சம் கிடைத்தது, பால்டிமோர் பேச்சுக்கான 19 வாக்குகள். பிரதிநிதிகள் சபை சார்பில் வழக்கை நடத்திய ஜான் ராண்டால்ஃப் சட்டம் படிக்காத பேச்சாளர். எதிரே நின்றவர் லூதர் மார்ட்டின் போன்ற கைதேர்ந்த வழக்கறிஞர். அது ஒரு காரணம். ஆனால் நீதிபதியின் முரட்டுத்தனமும் கட்சிச் சார்பும் சாசனம் சொல்லும் கடுங்குற்றம் ஆகிவிடுமா என்ற தயக்கமே ஜெஃபர்சன் கட்சி செனட்டர்களில் சிலரை எதிர்ப்பக்கம் நிறுத்தியது என்பது என் எண்ணம். அவர்கள் சேஸை நல்லவர் என்று சொல்லவில்லை. அவரை நீக்கினால், அடுத்து தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்மீது கைவைக்க வழி திறந்துவிடும் என்பது அன்று பலரும் அறிந்ததே.

தோற்ற ராண்டால்ஃப், இரு அவைகளும் கேட்டுக்கொண்டால் குடியரசுத் தலைவரே நீதிபதிகளை நீக்கலாம் என்ற சாசனத் திருத்தத்தை அன்றே முன்மொழிந்தார், அது நிறைவேறவில்லை. சேஸ் 1811இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.