துலியம் லேசருக்கு 40 ஆயிரம் கூடக் கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டுக்காரருக்கு இடது கிட்னியில் 14 மி.மீ. கல். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஹோல்மியம் லேசரில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். அண்ணா நகரில் ஒரு இடத்தில், துலியம் ஃபைபர் லேசர்தான் புதுசு, கல்லை மாவாக்கிவிடும் என்று 40 ஆயிரம் அதிகம் கேட்கிறார்கள். எங்கே போவது? - ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மாவாக்கும் என்பது பொய்யில்லை. துலியத்தின் அலைநீளம் 1940 நானோமீட்டர், ஹோல்மியத்துக்குச் சுமார் 2100. கல்லிலும் அதைச் சுற்றியும் உள்ள தண்ணீர் துலியம் ஒளியை ஏறக்குறைய நாலு மடங்கு அதிகமாக உறிஞ்சும், அதனால் குறைந்த சக்தியிலேயே கல் பொடியாகிறது, அடி விழுந்ததும் பின்னால் துள்ளி ஓடுவதும் குறைவு. லேசர் ஒளியைக் கல் வரை கொண்டுபோகும் ஃபைபர் இழையும் மெலிசு, 150 மைக்ரான் அளவில்கூடக் கிடைக்கிறது. கல் கிட்னியின் கீழ் மூலையில் இருந்தால், சிறுநீர் வழியாக உள்ளே விடும் கேமரா குழாயான ஸ்கோப் நன்றாக வளைய இது உதவும்.

நார்வேயில் 120 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. கிட்னிக் கல் முழுசாகப் போனது துலியத்தில் 86 சதவீதம், ஹோல்மியத்தில் 49. ஆனால் அங்கே ஒப்பிட்டது திறன் குறைந்த ஹோல்மியம் மிஷினை. மோசஸ் என்ற புது வகை ஹோல்மியத்தோடு அமெரிக்காவில் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிறுநீர்க் குழாயில் கல் இருந்தவர்களுக்கு நார்வே ஆய்விலேயே இரண்டும் சமம்தான்.

அதனால் பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலில், ‘உங்கள் ஹோல்மியம் எத்தனை வாட், மோசஸ் வசதி உண்டா?’ என்று கேளுங்கள். பழைய சின்ன மிஷின், கல்லும் கீழ் மூலையில் என்றால் 40 ஆயிரத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் நான் கொடுக்க மாட்டேன். டாக்டரிடம் மாதம் எத்தனை ஆர்.ஐ.ஆர்.எஸ். (இப்படி ஸ்கோப் விட்டு லேசரில் கிட்னிக் கல்லை உடைக்கும் ஆபரேஷன்) செய்கிறீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள், சங்கடப்படாதீர்கள், கை பழகியவரிடம் எந்த லேசரும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

அப்புறம் பில். பேக்கேஜ் என்பார்கள், கடைசியில் ஸ்கோப், ஃபைபர், ஸ்டென்ட் (சிறுநீர் தடையில்லாமல் இறங்கக் கொஞ்ச நாள் உள்ளே வைக்கும் சின்னக் குழாய்), அந்த ஸ்டென்ட்டை எடுக்க இன்னொரு நாள் என்று தனித்தனியாக ஏறும். எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். துண்டு மிச்சமிருந்து இரண்டாம் முறை போனால் எவ்வளவு என்பதையும் சேர்த்து. இன்ஷூரன்ஸ் புதிது என்றால் கல்லுக்கு இரண்டு வருடம் வெயிட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரமில்லையென்றால் ரிப்போர்ட்டோடு ஸ்டான்லி யூராலஜி ஓ.பி.யிலும் ஒரு நாள் காட்டலாம், கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள்.

எங்கே செய்தாலும் ஸ்டென்ட் எடுக்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். என் மச்சான் மறந்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் போனார். அந்த ஸ்டென்ட் மேலேயே கல் படிந்து, அதை உடைக்க மறுபடியும் லேசர், மறுபடியும் பில்.