தரையைத் தொடாத குண்டு

அன்புள்ள ஐயா,

குறும்படங்களுக்கு இசையமைக்கிறேன். கூடவே உளவியலில் முதுகலை படிக்கிறேன். மனிதர்கள் இசையை எப்படிக் கேட்டு உணர்கிறார்கள் என்பதையே ஆய்வுக்கு எடுக்க ஆசை. 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம்' என்கிறார்கள் வீட்டில். ஆராயப் போனால் இசை செத்துவிடுமோ என்று எனக்கும் பயம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீட்டுக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. உங்கள் பயத்துக்கு மட்டும் ஓர் ஆளைக் காட்டுகிறேன்: ழான் குளோத் ரிசே. பிரெஞ்சுக்காரர், இசையமைப்பாளர், இயற்பியலும் படித்தவர். 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணினியிலிருந்து டிரம்பெட் ஒலியை வரவழைக்கப் பார்த்தார். புத்தகத்தில் இருந்த அளவுகளை அப்படியே போட்டால் டிரம்பெட் மாதிரியே இல்லை. நிஜ டிரம்பெட்டைப் பதிவுசெய்து பிரித்துப் பார்த்தார். ஒலி வலுக்க வலுக்க, அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் அதிர்வுகள் கூடிக்கொண்டே போயின. அந்த ஒரு விதியைக் கணினிக்குக் கொடுத்ததும் பித்தளையின் குரல் வந்துவிட்டது.

அப்புறம் 1968இல், ஹிரோஷிமா குண்டைப் பற்றிய ஒரு நாடகத்துக்கு இசை. குண்டு போடுமுன் வானிலை பார்த்துவரப் போன விமானியின் கதை. அவர் மனதில் குண்டு விழுந்துகொண்டே இருக்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. சுருதி இறங்கிக்கொண்டே போனால் எங்காவது அடி தட்டுமே? ரிசே ஒரே சுரத்தைப் பல ஸ்தாயிகளில் அடுக்கி, எல்லாவற்றையும் சேர்த்து வழுக்கி இறக்கினார். கீழே போகிறவை தேய்ந்து மறையும். மேலே புதியவை காதுக்குத் தெரியாமல் நுழையும். ரோஜர் ஷெப்பர்ட் என்ற உளவியலாளர் 1964இல் தனித்தனிப் படிகளாகக் காட்டியிருந்த விஷயம்தான் அது. அதை ரிசே வழுக்கலாக்கிவிட்டார். (ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். எனக்கு வயிற்றைப் பிரட்டியது.) அந்த ஆராய்ச்சி இல்லையென்றால் குண்டு தரையில் விழுந்திருக்கும்.

ஆகவே தலைப்பு தேடி நூலகத்துக்கு ஓடாதீர்கள். இசையமைக்கையில் எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கே தொடங்குங்கள். புல்லாங்குழலும் குரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவே மாட்டேன் என்கின்றனவா? இரண்டும் ஒரே கணத்தில் தொடங்குகின்றனவா, ஒரே மாதிரி அசைகின்றனவா என்று பாருங்கள். குழலை முப்பது மில்லி விநாடி தள்ளிப் போட்டு ஒன்று, தள்ளாமல் ஒன்று என இரண்டு பதிவு செய்யுங்கள். எது எது என்று சொல்லாமல் பத்துப் பேரைக் கேட்கவிடுங்கள். உங்கள் காது இதற்கு உதவாது, அதற்குத்தான் ஏற்கெனவே விடை தெரியுமே. சரி, முதல் ஆட்களாக வீட்டில் இருப்பவர்களையே உட்கார வைக்கலாம்.