மூன்றாவதாக இறக்கினால் இறக்கமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிகளுக்கு இடையிலான நீச்சல் போட்டியில் 4×100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரிலே (நான்கு பேர், ஒருவர் பின் ஒருவராக ஆளுக்கு 100 மீட்டர்) அணியில் இருக்கிறாள். நால்வரில் இவள்தான் வேகம். ஆனாலும் கோச் இவளை மூன்றாவதாகத்தான் இறக்குகிறார். கடைசியில் நீந்துகிறவர்தானே ஸ்டார் என்று இவளுக்கு வருத்தம். போதாக்குறைக்கு, போன முறை இவள் முந்திக் குதித்துவிட்டாள் என்று அணியையே தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அதிலிருந்து மேடையில் தயங்கித் தயங்கி நிற்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: வருத்தத்தை முதலில் தீர்த்துவிடலாம், அது சுலபம். ஆஸ்திரேலியப் பெண்கள் இந்த ரிலேயில் வாங்கிய மூன்று தங்கங்களை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர்கள் நேரம் 3 நிமிடம் 29.69 விநாடி. பெண்கள் அணி ஒன்று மூன்றரை நிமிடத்துக்குள் முடித்தது அதுதான் முதல் முறை. நால்வரில் வேகமாக நீந்தியவர் எம்மா மெக்கியான், 51.35 விநாடி. அவர் இறங்கியது மூன்றாவதாக. 2023-ல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 3:27.96 எடுத்து உலக சாதனை படைத்தார்கள். அங்கே குறைந்த நேரம் இரண்டாவதாக இறங்கிய ஷெய்னா ஜாக்குடையது, 51.69. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலோ கடைசியாக இறங்கிய மெக் ஹாரிஸ், 51.94. ஒரே நாடு, மூன்று தங்கம், வேகமான ஆள் இருந்ததோ மூன்று வெவ்வேறு இடத்தில்.

கோச்சின் கணக்கு என்னவாக இருக்கும்? மூன்றாவது ஆள் முன்னிலை எடுத்துக் கொடுத்துவிட்டால், நான்காவது ஆள் கலங்காத தண்ணீரில் நீந்தலாம். பின்தங்கி இறங்குகிறவருக்குப் பக்கத்து லேன்களின் அலை முகத்தில் அடிக்கும். லேன் கயிறு தொய்ந்துபோன நம் ஊர்க் குளங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அப்புறம், மூன்றாவது ஆளுக்கு இரண்டு கைமாற்றம் உண்டு: முன்னவர் சுவரைத் தொட்டதும் இவர் குதிக்க வேண்டும், இவர் தொட்டதும் அடுத்தவர் குதிக்க வேண்டும். நம்பிக்கை இல்லாத பிள்ளையை யாரும் அங்கே நிறுத்த மாட்டார்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இடம் மாற்றக் கேட்கலாம். ரிலேயில் முதல் 100 மீட்டர் நீந்துகிறவரின் நேரம் மட்டுமே தனிநபர் நேரமாக ஏற்கப்படும், ஏனென்றால் அவர் மட்டும்தான் விசில், சிக்னல் எல்லாம் கேட்டு முறையாகக் கிளம்புகிறார். 2017-ல் புடாபெஸ்ட்டில் ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரோம் ரிலேயில் முதலாவதாக இறங்கி 51.71 விநாடியில் உலக சாதனை படைத்தார். 50 மீட்டர் குளத்தில், சிக்னல் கேட்டுக் கிளம்பி, 100 மீட்டரை 52 விநாடிக்குள் நீந்திய முதல் பெண் அவர்தான். ஸ்வீடன் அணிக்கு அன்று பதக்கம் இல்லை என்பது வேறு கதை. உங்கள் மகளுக்குத் தகுதி நேரம் ஏதாவது தேவைப்பட்டால், போட்டிச் சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு, முதல் இடம் கேளுங்கள்.

சரி, குதிக்கும் விஷயத்துக்கு வருவோம். எனக்குக் கவலை அதில்தான். விதி பேசுவது காலைப் பற்றி மட்டும்: முன்னவர் சுவரைத் தொடும்முன் அடுத்தவரின் பாதம் மேடையை விட்டு விலகக் கூடாது. கை வீசலாம், உடம்பு முன்னால் சாயலாம், பாதி உடல் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில்கூட நிற்கலாம், கால் விரல் நுனி மேடையில் இருந்தால் போதும். ரிலேயின் லாபமே இங்கேதான் இருக்கிறது. டோக்கியோவில் மெக்கியான் தனிநபர் 100 மீட்டர் தங்கத்தை 51.96-ல் வென்றார், ரிலேயில் எடுத்தது 51.35. சிக்னல் கேட்டுப் புறப்படும் தாமதம் இல்லாததால்தான் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி. தயங்கி நின்றால் அந்த லாபம் முழுக்கப் போய்விடும்.

பெரிய போட்டிகளில் சுவரிலும் மேடையிலும் சென்சார் இருக்கும், 0.03 விநாடி வரை முந்தியதாகக் காட்டினாலும் விட்டுவிடுவார்கள். பள்ளிப் போட்டியில் பெரும்பாலும் நடுவரின் கண்தான். அங்கே இந்தச் சலுகையை நம்பி இறங்க வேண்டாம். 0.03 என்ன பெரிதா என்று நினைத்துவிடாதீர்கள்: அதே டோக்கியோ ரிலேயில் வெள்ளி வாங்கிய கனடாவுக்கும் வெண்கலம் வாங்கிய அமெரிக்காவுக்கும் இடைவெளி சரியாக அவ்வளவுதான், 3:32.78-க்கு 3:32.81.

போன முறை நடந்த தப்பு உங்கள் மகளுடையது மட்டுமாக இருக்காது என்பது என் ஊகம். என்னிடம் பயிலும் பிள்ளைகளில் பத்துக்கு ஆறு தடவை தப்பு நீந்திச் சுவருக்கு வருகிறவரிடம்தான். சுவர் நெருங்கியதும் கடைசிக் கைவீச்சை நீட்டிவிட்டுச் சும்மா மிதந்து வருவார்கள், அல்லது தூரம் போதாமல் குட்டியாக இன்னொரு வீச்சு போடுவார்கள். மேலே நிற்கிறவள் பழைய வேகத்தைக் கணக்குப் போட்டுக் கிளம்பியிருப்பாள், அவ்வளவுதான், முந்தியாகிவிடும். அதனால் இரண்டாவது ஆளையும் கூட வைத்துக்கொண்டுதான் இதைப் பழக வேண்டும். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேல் கொடித் தோரணம் தொங்கும். அதைத் தாண்டியபின் மூச்சு எடுக்கக் கூடாது, வேகம் குறையக் கூடாது, தலை தூக்கிச் சுவரைப் பார்க்கக் கூடாது.

மேலே நிற்கிறவளுக்கு: இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வருகிறவளின் தலையைத் துப்பாக்கி குறி வைப்பதுபோலப் பின்தொடரட்டும். குளத்தின் தரையில் ஓடும் கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்னால் குறுக்குக் கோட்டில் முடியும். தலை அங்கே வந்ததும் கை பின்னால் சுழலத் தொடங்கும். சிலருக்கு அரை நொடி முன்னே, சிலருக்குப் பின்னே. அந்த ஜோடிக்கு எது பொருந்தும் என்பதை இருபது முப்பது தடவை செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். களைத்த பிறகும் செய்யுங்கள். போட்டியில் வருகிறவள் களைத்துத்தானே வருவாள்?

நீங்களும் உதவலாம். மேடையும் சுவரும் ஒன்றாகத் தெரியும்படி பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுங்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் சாதாரண வீடியோவில் ஒரு ஃபிரேம் சுமார் 0.03 விநாடி. கை சுவரில் பட்டதற்கும் பாதம் விலகியதற்கும் இடையே எத்தனை ஃபிரேம் என்று எண்ணிப் பாருங்கள். ஆறு முதல் பத்து இருந்தால் இந்த வயதுக்கு நல்ல கைமாற்றம். இருபது என்றால் பயம் இன்னும் போகவில்லை. எண்ணை அவளிடமே காட்டுங்கள், "பயப்படாதே" என்று நூறு தடவை சொல்வதைவிட அது வேலை செய்யும்.

தகுதி நீக்கத்துக்கு இன்னொரு வழியும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2001-ல், அதே ஃபுகுவோகாவில், உலக சாம்பியன்ஷிப் 4×200 ரிலேயில் ஆஸ்திரேலியப் பெண்கள்தான் முதலில் சுவரைத் தொட்டார்கள். மகிழ்ச்சியில் தோழிகள் தண்ணீரில் குதித்துவிட்டார்கள், மற்ற அணிகள் எல்லாம் முடிப்பதற்குள். தகுதி நீக்கம். தங்கம் பிரிட்டனுக்குப் போனது. நீந்தி முடித்த மூன்று பேரையும் உடனே மேலே ஏறி, டவலைப் போர்த்திக்கொண்டு, மேடைக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். கடைசி லேனில் வருகிற பிள்ளை சுவரைத் தொட்ட பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் குதிக்கட்டும்.