பாடப்புத்தகத்துக்கு யார் பணம் கொடுப்பது?

கேள்வி: என் மகள் பொறியியல் முதலாண்டில் சேர்ந்திருக்கிறாள். துறையில் கொடுத்த புத்தகப் பட்டியலில் பாதிக்கு மேல் வெளிநாட்டு ஆசிரியர்களின் நூல்கள். எல்லாவற்றையும் வாங்க எங்களால் இயலாது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகமே பாடநூல்களை இலவசமாகக் கொடுப்பதாக அவளுடைய தோழி சொல்கிறாள். உண்மையா? அதில் சூது ஏதும் உண்டா?
— ஒரு மாணவியின் தந்தை, நாமக்கல்

பதில்: உண்மைதான், சூதும் இல்லை. ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியரான ரிச்சர்ட் பரானியுக் 1999-ல் தொடங்கிய முயற்சியின் வழிவந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற அமைப்பு, 2012-ல் இயற்பியலுக்கும் சமூகவியலுக்குமான இரண்டு பாடநூல்களை முதலில் வெளியிட்டது. இன்று கால்குலஸ், வேதியியல், உயிரியல், புள்ளியியல், பொருளியல் என்று கல்லூரியின் தொடக்க ஆண்டுகளுக்கு உரிய நூல்கள் பல அதன் தளத்தில் உள்ளன. அவற்றின் பி.டி.எஃப். கோப்புகளை உங்கள் மகள் ஒரு காசும் கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அவை அமெரிக்கப் பாடத்திட்டத்துக்காக எழுதப்பட்டவை; நம் பல்கலைக்கழகத்தின் அலகு வரிசையை அவற்றில் தேடக் கூடாது. கருத்து விளங்குவதற்கு அவை நல்ல துணை. தேர்வுக்கு உள்ளூர் நூலும் ஆசிரியரின் குறிப்பும் தேவைப்படும்.

இலவசம் என்பதால் அந்த நூல்கள் செலவில்லாமல் உருவாகிவிடவில்லை. எழுதியவர், சரிபார்த்தவர், படம் வரைந்தவர் ஆகியோருக்கான செலவை ஹியூலெட், கேட்ஸ் முதலிய அறக்கட்டளைகள் பெருமளவில் ஏற்றன. நூல் உருவாகும்போதே ஒருமுறை பணம் கொடுத்து முடித்துவிட்டால், அதற்குப் பிறகு பத்தாயிரமாவது மாணவரிடம் கை நீட்ட வேண்டியதில்லை. வழக்கமான பதிப்பாளரோ நூலுக்கான செலவையும் லாபத்தையும் ஒவ்வொரு பிரதியிலும் சிறிது சிறிதாக வசூலிக்கிறார். இந்த இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்த இதழில் வந்துள்ள மற்றக் கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் இந்த முயற்சிக்குத் தேவை ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நாம் விலை பேசியா வாங்குகிறோம்? பாடநூலைத் தேர்ந்தெடுப்பவர் பேராசிரியர், வாங்குபவர் மாணவர். தேர்ந்தெடுப்பவரின் சட்டைப்பையிலிருந்து ஒரு டாலரும் போவதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் 2005-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1986 டிசம்பர் முதல் 2004 டிசம்பர் வரை கல்லூரிப் பாடநூல்களின் விலை 186 விழுக்காடு ஏறியது. அதே காலத்தில் பொதுவான விலைவாசி ஏறியது 72 விழுக்காடுதான். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்து, பழைய புத்தகச் சந்தையில் இருந்த பிரதிகளையெல்லாம் செல்லாக்காசு ஆக்கியது. நியூட்டனின் விதிகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். பெரும்பாலும் மாறியவை பயிற்சிக் கணக்குகளின் எண்களும் பக்க எண்களும்தான்.

நம் நாட்டில் அதே நூல்கள் மெல்லிய தாளில், குறைந்த விலையில், இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் மட்டுமே விற்கலாம் என்ற அறிவிப்புடன் கிடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த சுபாப் கிர்ட்சாங் என்ற தாய்லாந்து மாணவர், தம் நாட்டில் மலிவாகக் கிடைத்த ஆங்கிலப் பாடநூல்களைக் குடும்பத்தாரை அனுப்பச் சொல்லி, ஈபேயில் விற்றுப் பணம் பார்த்தார். ஜான் வைலி என்ற பதிப்பகம் அவர்மேல் வழக்குத் தொடுத்தது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. முறைப்படி அச்சிட்டு ஒருமுறை விற்ற புத்தகம் எந்த நாட்டில் விற்கப்பட்டதானாலும், அதை மறுபடி விற்பதைப் பதிப்பாளர் தடுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

கேள்வி: டெக்சாஸில் படிக்கும் என் மகன், புத்தகம் வாங்கும் செலவு முன்போல் இல்லை என்கிறான். ஆனால் பருவக் கட்டண ரசீதில் ‘பாடப்பொருள்’ என்று தனியே ஒரு தொகை இருக்கிறது. இது என்ன கணக்கு?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

பதில்: மேலே சொன்ன வழக்கு அச்சுப் புத்தகத்தைப் பற்றியது. அச்சுப் புத்தகமே இல்லாமல் போனால் மறுவிற்பனை என்ற பேச்சுக்கே இடமில்லை அல்லவா? பதிப்பகங்கள் அந்தத் திசையில்தான் நகர்ந்தன. வீட்டுப்பாடமும் வினாடிவினாவும் பதிப்பகத்தின் தளத்தில் நடக்கும்; அதற்குள் நுழைய ஒரு குறியீட்டை விலைக்கு வாங்க வேண்டும்; அந்தக் குறியீடு ஒருவருக்கு, ஒரு பருவத்துக்கு மட்டுமே செல்லும். அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பி படிக்கலாம், அண்ணனின் குறியீட்டைத் தம்பி பயன்படுத்த முடியாது. 2019-ல் பியர்சன் நிறுவனம் தன் அமெரிக்கக் கல்லூரி நூல்கள் இனி முதலில் மின்வடிவிலேயே புதுப்பிக்கப்படும் என்று அறிவித்தது.

உங்கள் மகனின் ரசீதில் உள்ள தொகை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. கல்லூரியும் பதிப்பகமும் ஒப்பந்தம் செய்துகொண்டு, மின்னூலின் கட்டணத்தைக் கல்விக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் முறை அங்கே பரவியிருக்கிறது. 2016-ல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதி, விலை சந்தை விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், வேண்டாம் என்று விலகிக்கொள்ள மாணவருக்கு வழி இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்து இதை அனுமதித்தது. விலகுவதற்குப் பருவத் தொடக்கத்தில் ஒரு கெடுநாள் இருக்கும். அதற்குள் நூலகத்தில் அந்த நூல் கிடைக்கிறதா, ஆசிரியர் அந்தத் தளத்திலேயே மதிப்பெண் போடுகிறாரா என்ற இரண்டையும் விசாரிக்கச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு ஆம் என்று விடை வந்தால் விலகுவது பெயரளவு உரிமைதான்.

செலவு குறைந்தது என்று உங்கள் மகன் சொல்வது பொய்யன்று. ஆனால் அவர் வாங்கியது புத்தகமன்று, வாடகை. ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களைப் போலத் திறந்த உரிமத்துடன் வெளியிடப்படும் ‘திறந்த கல்வி வளங்களுக்கு’ இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவரான டேவிட் வைலி என்ற அமெரிக்கக் கல்வியாளர் (மேலே வந்த பதிப்பகத்துக்கும் இவருக்கும் பெயரொற்றுமை மட்டுமே), அத்தகைய வளத்தை மறுபடி பயன்படுத்தவும் திருத்தவும் பிறவற்றோடு கலக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்று நான்கு உரிமைகளைச் சொல்லிவந்தவர், 2014-ல் ஐந்தாவதாக ‘வைத்துக்கொள்ளும் உரிமை’யையும் சேர்த்தார். புத்தகத்தை வைத்துக்கொள்வது ஓர் உரிமை என்று எழுதிவைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கேள்வி: எங்கள் கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் பாடத்துக்குத் தேவையான அத்தியாயங்களைத் தொகுத்து ஸ்பைரல் போட்டுத் தருகிறார்கள். இது சட்டப்படி குற்றம் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார்.
— முதுகலை மாணவர், மதுரை

பதில்: உங்கள் கேள்வியை அப்படியே டெல்லி உயர் நீதிமன்றம் விசாரித்திருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்தில் உள்ள ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்ற சிறு கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012-ல் வழக்குத் தொடுத்தன. ஆசிரியர்கள் பரிந்துரைத்த பல நூல்களின் பகுதிகளை நகலெடுத்துக் கட்டித் தந்ததுதான் கடை செய்த வேலை. வழக்கைத் திரும்பப் பெறுமாறு பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டவர்களில் அமர்த்தியா சென்னும் ஒருவர். நகலெடுப்பால் இழப்பு அடைவதாகச் சொல்லப்பட்ட ஆசிரியர்கள் பலரே மாணவர் பக்கம் நின்றார்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ செய்யும் நகலெடுப்பை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் மட்டுமல்லாமல் பாடம் தயாரிப்பது முதலான அனைத்துக்கும் அது பொருந்தும் என்றது தீர்ப்பு. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வும் சட்டத்துக்குப் பெரும்பாலும் அதே பொருளையே கொண்டது. நகலெடுத்தவை பாடத்துக்கு உண்மையில் தேவைப்பட்டவையா, முழு நூல்களும் நகலெடுக்கப்பட்டனவா என்ற கேள்விகளை மட்டும் விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன.

ஆகவே, ஆசிரியர் கொடுத்த பட்டியலின்படி அத்தியாயங்களை நகலெடுப்பதற்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பாடத்தோடு தொடர்பில்லாமல் முழுப் புத்தகத்தையும் நூறு பிரதி எடுத்து அடுக்கி வைத்து விற்பது வேறு. அதற்கு இந்தத் தீர்ப்பில் நிழல் தேட முடியாது. உங்கள் நண்பரிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: நம் பள்ளிப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே, அவையும் திறந்த கல்வி வளங்கள்தாமே?
— இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் நூல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். விலையில்லாப் பாடநூல் வழங்கும் திட்டத்தின்கீழ் வெளியிடப்பட்டது என்று இருக்கும். தீண்டாமை மனிதநேயமற்ற செயல் என்ற வாசகம் இருக்கும். விற்பனைக்கு அன்று என்று இருக்கும். கூடவே வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். பதிப்புரிமைக் குறியான அந்த வட்டம் இருக்கும்வரை நீங்கள் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பாடத்தைத் திருத்தி, வேறு படங்கள் சேர்த்து, உங்கள் பெயரும் போட்டு வெளியிட அனுமதி கேட்க வேண்டும். ‘விலையில்லா’ என்ற சொல் விலையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. யுனெஸ்கோ 2002-ல் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது குறித்ததும், 2019 நவம்பரில் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரையாக நிறைவேற்றியதும் விலையோடு உரிமத்தையும் சேர்த்துத்தான்.

மக்கள் வரியில் உருவான நூலுக்கு அந்த வட்டம் எதற்கு என்று நீங்கள் கேட்டால் நானும் உங்கள் கட்சிதான். நமக்கு இந்த எண்ணம் புதிதன்று. பாரதியாரின் பாடல்களின் உரிமையை 1949-ல் அரசு பெற்று, பின்னர் மக்களுக்கே விட்டது. எழுத்தாளரின் குடும்பத்துக்கு ஒருமுறை பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. அதன்பின் யாரும் அச்சிடலாம், யாரும் இணையத்தில் ஏற்றலாம். ரைஸ் பல்கலைக்கழகத்தார் அறக்கட்டளைப் பணத்தில் செய்ததற்கும் இதற்கும் முறையளவில் பெரிய வேறுபாடு இல்லை. கவிதைக்கும் நாவலுக்கும் செய்ததை ஏழாம் வகுப்பு அறிவியலுக்கும் செய்யலாம். மத்திய அரசின் தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம் 2013-லேயே திறந்த உரிமத்துடன் தொடங்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஓப்பன்ஸ்டாக்ஸ் இயற்பியல் நூலின் சில இயல்களைத் தமிழில் எழுதி, தமிழ்வழி மாணவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அச்சிட்டால் விலை வைக்கலாமா?
— கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மகிழ்ச்சி ஏற்பட்டது. முதலில் நூலின் தொடக்கத்தில் உள்ள உரிமக் குறிப்பைப் படியுங்கள். 2002 டிசம்பரில் முதலில் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் எது அந்த நூலுக்கு உரியது என்பது அங்கே இருக்கும். மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது ஒரு வகை. அதில் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விலையும் வைக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஓப்பன்ஸ்டாக்ஸின் முதல் இயற்பியல் நூல் அந்த வகையில் வந்தது. அதே அமைப்பின் கால்குலஸ் நூலோ, வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றி எழுதியதை அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. தன் பாடப்பொருள்களை இணையத்தில் வைத்திருப்பதும் இந்த இரண்டாம் வகையில்தான். மாற்றக் கூடாது என்ற நிபந்தனையுடன் வேறொரு வகை உண்டு. அதைத் தமிழாக்குவது முடியாது, ஏனென்றால் மொழிபெயர்ப்பும் மாற்றமே. ஓர் எச்சரிக்கை: பதிப்புக்குப் பதிப்பு உரிமம் மாறலாம், ஆகவே நீங்கள் இறக்கிய பதிப்பின் குறிப்பையே ஆதாரமாகக் கொண்டு, அந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நூலில் உள்ள புகைப்படங்கள் சில வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கும். படத்தின் கீழே உள்ள சிறிய எழுத்தையும் விடாமல் படிக்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த இயற்பியல் நூல் ஆயிரத்து இருநூறு பக்கங்களைத் தாண்டுகிறது. பக்கத்துக்கு எழுபத்தைந்து காசு என்று வைத்துக்கொண்டால்கூட முழுநூலின் ஒரு பிரதி தொள்ளாயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். இலவச நூல் மாணவர் கைக்கு வரும்போது விலையுள்ள நூலாகிவிடுகிறது. எனவே முழுநூலை எண்ணி மலைக்காமல், உங்கள் பாடத்திட்டத்தில் மாணவர்கள் திணறும் இரண்டு இயல்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கலைச்சொற்களுக்குப் பள்ளிப் பாடநூல்களில் உள்ளவற்றையே பின்பற்றுவது நல்லது. மேல்நிலை வகுப்பில் ‘உந்தம்’ என்று படித்து வந்த மாணவருக்குக் கல்லூரியில் வேறொரு சொல்லைக் கொடுத்துக் குழப்ப வேண்டாம். பொறியியல் நூல்களை இந்திய மொழிகளில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றில் உள்ள தமிழ் நூல்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் பக்கத்தில் மூல நூலின் பெயர், ஆசிரியர்கள், வெளியிட்ட அமைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும், மூலநூல் இலவசமாகக் கிடைக்கும் முகவரி ஆகியவற்றைக் கொடுத்து, ‘இது தமிழாக்கம், எடுத்துக்காட்டுகள் மாற்றப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கோப்பை பி.டி.எஃப். ஆக மட்டும் கொடுக்காமல், திருத்தக்கூடிய வடிவத்திலும் யுனிகோடு எழுத்துருவிலும் கொடுத்தால், அடுத்த ஆண்டு இன்னொரு கல்லூரியின் ஆசிரியர் மூன்றாவது இயலை அதில் சேர்த்துக்கொள்ள முடியும்.